பாம்புக்கடி: விஷமுறிவு மருந்து எப்போது தேவை?

கேள்வி: வெங்காயத் தோட்டத்தில் என் கணவரைப் பாம்பு கடித்தது. பல் பட்ட அடையாளம் தெளிவாக இருந்தும், ஊசி போடாமல் வாட்டில் ஒரு நாள் மறித்து வைத்துவிட்டு அனுப்பினார்கள். இது முறையா?

பதில்: முறைதான். விஷமுறிவு மருந்து கடிக்காகக் கொடுக்கப்படுவதில்லை. விஷம் உடலில் வேலை செய்யத் தொடங்கிய அறிகுறி தெரிந்தால் மட்டுமே கொடுக்கப்படுகிறது. விஷப்பாம்பு கடித்தும் விஷம் ஏறாமல் போவதுண்டு. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் விஷம் இரத்தத்தை உறையவிடாது என்பதால், நாளத்திலிருந்து எடுத்த சிறிதளவு இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பின்னர் ஒரு தடவை சரித்துப் பார்ப்பார்கள். அது நீராக ஓடினால் மருந்தைத் தொடங்க அந்த ஒன்றே போதும். உறைந்திருந்தாலும், விஷம் பிந்தி வேலைகாட்டக்கூடும் என்பதால் சோதனையைத் திரும்பவும் செய்வார்கள். முரசில் இரத்தம் கசிகிறதா, கண்மடல் தொங்குகிறதா, வீக்கம் விரைந்து மேலேறுகிறதா என்பவற்றையும் கவனிப்பார்கள். உங்கள் கணவர் அந்த ஒரு நாள் முழுவதும் இவ்வாறு கண்காணிக்கப்பட்டிருப்பார், அதுவும் வைத்தியம்தான்.

கேள்வி: நிலத்தில் பாய் விரித்துப் படுத்த பிள்ளை விடியற்காலையில் வயிற்றுவலி என்கிறான். கடித்த அடையாளம் இல்லை. பாம்பைச் சந்தேகிக்கலாமா?

பதில்: கட்டாயம் சந்தேகியுங்கள். கட்டுவிரியன் இரவில், உறங்குபவரையே பெரும்பாலும் கடிக்கிறது. வலியோ வீக்கமோ இல்லாமலும் இருக்கலாம். வயிற்றுவலியைத் தொடர்ந்து கண்மடல் சரிந்து, விழுங்கவும் மூச்சுவிடவும் முடியாத நிலை வரக்கூடும். இந்தப் பாம்பின் விஷம் நரம்பு முனையைச் சேதப்படுத்திய பிறகு மருந்தால் அதை மீட்க முடியாது; நரம்பு தானாகத் தேறும்வரை செயற்கைச் சுவாசமே உயிரைக் காக்கும். ஆகவே விடியட்டும் என்று காத்திருக்காமல், 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து உடனே பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: இந்த மருந்தே ஒவ்வாமையால் ஆளைக் கொன்றுவிடும் என்கிறார்களே? சிறுவர்களுக்கு அளவைக் குறைப்பார்களா?

பதில்: குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் மருந்து என்பதால் ஒவ்வாமை இலங்கையில் அடிக்கடி ஏற்படுகிறது, சில வேளை அது கடுமையாகவும் இருக்கும். இதனாலேயே தேவையில்லாதவருக்கு அதை ஏற்றுவதில்லை. ஒவ்வாமையைத் தடுக்க, ஏற்றுமுன் சிறிதளவு அட்ரினலின் மருந்தைத் தோலின் கீழ் போடுவது இங்குள்ள வழக்கம். விஷம் ஏறியது உறுதியானால், ஒவ்வாமைக்குப் பயந்து மருந்தை மறுப்பது பெரிய ஆபத்து. பெரியவரைக் கடித்தாலும் சிறுவரைக் கடித்தாலும் பாம்பு செலுத்தும் விஷம் ஒன்றே. ஆகையால் சிறுவருக்கும் அதே அளவுதான்.

கேள்வி: பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டுமா?

பதில்: வேண்டாம். இங்கு ஏற்றும் இந்தியத் தயாரிப்பு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. தூர நின்று தொலைபேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும்.