தராசின் மேல் பழி

கேள்வி: என் மகன் பிறந்தபோது எடை 2.3 கிலோ. இப்போது வயது 12. நாலு தெரு நடக்கச் சொன்னால் சலித்துக்கொள்கிறான், செல்போனை விட்டு எழுந்திருப்பதில்லை. எடை குறைவாகப் பிறந்தவர்கள் பெரியவர்களானாலும் ஓடியாட மாட்டார்கள் என்று வெளிநாட்டு ஆராய்ச்சி சொல்வதாக வாட்ஸ்அப்பில் வந்தது. "அவன் உடம்புவாகு அப்படி, விடு" என்கிறார் மாமியார். பள்ளிக்குக் கடிதம் கொடுத்து பி.டி. பீரியடிலிருந்து அவனுக்கு விலக்கு வாங்கிவிட்டேன். சரிதானே? சின்னவள் 4.2 கிலோவாகப் பிறந்தவள். அவளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் அல்லவா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சரியில்லை அம்மா. ஆராய்ச்சி நிஜம்தான். அதை வைத்து நீங்கள் பள்ளிக்குக் கொடுத்த கடிதம்தான் கோணல்.

உங்களுக்கு வந்தது எந்த ஆய்வு என்று ஊகிக்க முடிகிறது. 2009இல் வெளியானது. டென்மார்க், பின்லாந்து, நார்வே, சுவீடன் ஆகிய நாடுகளில் நடந்த 13 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, 43,482 பேருடைய பிறந்த எடையையும், பின்னாளில் அவர்கள் ஓய்வு நேரத்தில் உடலை எவ்வளவு அசைத்தார்கள் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 3.26 முதல் 3.75 கிலோ வரை எடையோடு பிறந்தவர்களை அளவுகோலாக வைத்து, அவர்கள் உடலை அசைக்கும் வாய்ப்புக்கு 1 என்று மதிப்புக் கொடுத்தார்கள். 1.26–1.75 கிலோவில் பிறந்தவர்களுக்குக் கிடைத்த விகிதம் 0.67. 1.76–2.25 கிலோவுக்கு 0.72. உங்கள் பையன் அடங்கும் 2.26–2.75 கிலோவுக்கு 0.89. ஒன்றுக்கு எவ்வளவு நெருக்கம் பாருங்கள். இத்தனை ஆயிரம் பேரைக் கூட்டிப் பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரிகிற மெல்லிய சாய்வு அது. ஒரு தனிப் பையன் பந்தைத் துரத்துவானா மாட்டானா என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது. இயல்பான எடைக்குள் பிறந்தவர்களிடையே வித்தியாசம் கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. ஃபார்வர்டு ஆகி வருகிற செய்தியில் அந்த வரி மட்டும் வழியில் உதிர்ந்துவிடும்.

இன்னொரு விஷயம். அந்த 43,482 பேரும் எவ்வளவு அசைந்தார்கள் என்பது அவரவர் வாயால் சொன்ன பதில். நம்மிடம் யாராவது "தினமும் வாக்கிங் போகிறீர்களா?" என்று கேட்டால் என்ன சொல்வோம் என்று நமக்கே தெரியும். ஆகவே 2011இல் வேறு சிலர், இங்கிலாந்து, பிரேசில், இன்னும் சில ஐரோப்பிய நாடுகளின் பிள்ளைகளிடம் உடம்பில் கட்டும் அசைவுமானியை வைத்து எடுத்த நான்கு ஆய்வுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். உங்கள் மகன் வயதை ஒட்டிய பிள்ளைகள். கருவி சொன்ன பதில்: பிள்ளை எவ்வளவு ஓடியாடுகிறது என்பதற்கும் பிறந்த எடைக்கும் பொருட்படுத்தத் தக்க தொடர்பு இல்லை.

பின்லாந்தின் ஹெல்சின்கியில் இதைவிடச் சுவையான கதை. ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே, குறைமாதத்தில் பிறந்து வளர்ந்த இளைஞர்களை விசாரித்தார்கள். மற்றவர்களைவிடக் குறைவாகவே உடற்பயிற்சி செய்கிறோம் என்றார்கள். பிற்பாடு கருவி கட்டி அளந்தபோது மொத்த அசைவில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. "எனக்கு விளையாட்டு வராது" என்ற எண்ணத்தை அந்தப் பிள்ளைகளுக்குள் விதைத்தது யார்? என் சந்தேகம், கடிதம் எழுதுகிற அம்மாக்கள் மேல்.

பிறந்த எடைக்கும் சோம்பலுக்கும் முடிச்சுப் போடும் யோசனைக்கு எலிகளும் ஒரு காரணம். 2003இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில், கர்ப்பத்தில் அரைப்பட்டினி போட்ட தாய் எலிகளின் குட்டிகள் வளர்ந்த பின்னும் மந்தமாகவே கிடந்ததைக் கண்டார்கள். கருப்பையில் பட்ட பாடு பிற்கால நடத்தையையும் மாற்றுமோ என்ற கேள்வி அதனால் வலுத்தது. நியாயமான கேள்விதான். ஆனால் எலிக்குச் செல்போன் கிடையாது, பி.டி. பீரியடும் கிடையாது.

நம் நாட்டுக் கணக்குக்கு வருவோம். புனே அருகேயுள்ள கிராமங்களில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு 1990களில் ஆராய்ந்த குழந்தைகளின் சராசரி எடை ஏறக்குறைய 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5. வட ஐரோப்பியத் தராசை இங்கே கொண்டுவந்தால் அந்தக் கிராமங்களின் சராசரிக் குழந்தையே 'சோம்பேறிப் பட்டியலில்' விழும். வயலில் குனிந்து, கிணற்றில் நீர் இறைத்துக் குடத்தைச் சுமந்த தாய்மார் பெற்ற பிள்ளைகள் அவை. கர்ப்பத்தில் கடுமையாக உழைத்தவர்களுக்கே குழந்தை சிறிதாகப் பிறந்ததையும் அதே ஆய்வு பதிவு செய்தது. வட ஐரோப்பிய ஆய்வில் கேட்டது ஓய்வுநேர உடற்பயிற்சியை மட்டும். தண்ணீர்க் குடத்துக்கு அதில் கட்டம் இல்லை.

புனேயில் கண்ட இன்னொன்றுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. அந்தக் குழந்தைகளுக்குத் தசை குறைவு, ஆனால் தோலுக்கடியில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. பின்னாளில் சர்க்கரை நோய் நம்மவர்களைச் சீக்கிரம் பிடிப்பதற்கு இது ஒரு காரணம் என்பது யாஜ்னிக்கின் வாதம். அதோடு 1924–33இல் ஹெல்சின்கியில் பிறந்தவர்களை முதுமையில் பரிசோதித்த ஆய்வைச் சேர்த்துப் படியுங்கள்: சிறிய உடம்போடு பிறந்தவர்களில் உடற்பயிற்சி செய்தவர்களுக்குச் சர்க்கரைக் கோளாறு குறைவு. உடற்பயிற்சியின் பலன் அதிகம் கிடைத்ததே அவர்களுக்குத்தான். யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அவனைப் பார்த்துப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே, ஏழு மாதத்தில், வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்த குழந்தைகளின் கதை வேறு. நுரையீரல் கொள்ளளவு குறைந்திருக்கலாம், கை கால் ஒத்திசைவு தாமதப்படலாம். அவர்களுக்கு மருத்துவர் யோசனைப்படிதான் பயிற்சி. உங்கள் மகன் மாதம் நிறைந்து பிறந்தானா என்று நீங்கள் எழுதவில்லை. ஓடினால் இழுப்பு வருகிறது, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் எழுதிக் கொடுத்தால் விலக்கு வாங்குங்கள். மாமியார் சொல் மருத்துவச் சான்றிதழ் ஆகாது.

இல்லையென்றால் திங்கட்கிழமையே அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள். (பி.டி. பீரியடை மேத்ஸ் சார் கடன் வாங்காமல் இருக்கிறாரா என்பதையும் அப்படியே விசாரித்துவிட்டு வாருங்கள். எல்லாப் பள்ளியிலும் இருக்கிற வியாதி அது.) பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கபடி, சைக்கிள், தெருக் கிரிக்கெட், எதுவானாலும் சரி. முதல் வாரத்தில் சலித்துக்கொள்வான். ஓடிப் பழகாத எந்தப் பிள்ளையும் சலித்துக்கொள்ளும்.

சின்னவளைப் பற்றி. கனமாகப் பிறந்தால் கவலையில்லை என்பதும் தப்புக் கணக்கு. அந்த 2009 ஆய்வின் கோடு இரண்டு பக்கமும் சரிகிறது: 4.76–5.25 கிலோவில் பிறந்தவர்களுக்கு விகிதம் 0.65, மிகச் சிறியவர்களுக்குக் கிடைத்ததைவிடவும் ஒரு சொட்டுக் குறைவு. உங்கள் மகள் அந்த எல்லைக்குள் வரவில்லை. அவளும் அண்ணனோடு சேர்ந்து ஓடட்டும்.

ஆனால் 4.2 கிலோ என்று படித்ததும் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. குழந்தை நாலு கிலோவைத் தாண்டுவதற்குத் தாய்க்குக் கர்ப்பத்தில் வரும் சர்க்கரை ஒரு முக்கியக் காரணம். பிரசவத்தோடு அது போய்விட்டதாகத் தோன்றும். ஆனால் அப்படி வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே பிரசவமான சில வாரங்களில் ஒரு தடவையும், பிறகு ஓரிரு ஆண்டுக்கு ஒரு தடவையும் இரத்தச் சர்க்கரை பார்க்கச் சொல்வார்கள். சின்னவளைச் சுமந்தபோது உங்களுக்குச் சர்க்கரை இருந்ததா? அதற்குப் பிறகு எப்போதாவது பார்த்துக்கொண்டீர்களா? பிள்ளைகள் இருவரின் எடையையும் கிராம் சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள், உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.