நுண்குமிழ்கள்: எண்ணிக்கையும் சரக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீரிழிவு நோயாளிகளின் ரத்தக்குழாய் உட்சுவர் செல்கள் உதிர்க்கும் நுண்குமிழ்களை (சவ்வு சூழ்ந்த நுண்ணிய துணுக்குகளை) அளந்து வருகிறோம். ஒரே ஆளின் ரத்தம்தான். உடனே அளந்தால் ஓர் எண்ணிக்கை, பிளாஸ்மாவைக் குளிரில் உறையவைத்து அளந்தால் பல மடங்கு. எதை நம்புவது? இவை நோயை உண்டாக்குகின்றனவா, வெறும் அடையாளமா?

— ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

ஒரே சுழற்சியோடு உறையவைத்த மாதிரியை நம்ப வேண்டாம். ஒருமுறை மட்டும் சுழற்றிய பிளாஸ்மாவில் தட்டணுக்கள் மிஞ்சியிருக்கும். உறைந்து உருகும்போது அவை சிதறிவிடும். உட்சுவர் செல்லை அடையாளம் காட்டும் சிடி31 புரதம் அந்தச் சிதறல்களிலும் உண்டு என்பதால் உங்கள் கணக்கில் ஏறிவிடுகின்றன. 21 கேஜ் ஊசியால் வெறும் வயிற்றில் எடுங்கள், முதல் சில மில்லியை ஒதுக்கிவிடுங்கள். ரத்தம் கட்டாமல் காக்கும் சிட்ரேட் குழாயைக் குலுக்காமல் நிமிர்த்தியே கொண்டுபோங்கள். 2,500 ஜி (புவியீர்ப்பைப்போல் 2,500 மடங்கு) விசையில் 15 நிமிடம் சுழற்றி, செல் படலத்துக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் விட்டு மேற்பகுதியை மட்டும் எடுத்து மறுபடி அதேபோல் சுழற்றுங்கள். அதன்பிறகுதான் மைனஸ் 80 டிகிரியில் உறையவைக்க வேண்டும். சிடி31 இருந்து, தட்டணுவின் அடையாளமான சிடி41 இல்லாதவற்றை எண்ணினாலும் வெள்ளணுக் குமிழ்கள் கலந்திருக்கலாம். உட்சுவர் செல்லுக்கே உரிய சிடி144-ஐயும் சேர்த்துப் பாருங்கள்.

குமிழ்களின் பரப்பில் ஒட்டி அவற்றைக் காட்டும் அனெக்ஸின் சாயத்துக்குக் கால்சியம் தேவை. அதைப் பாஸ்பேட் கரைசலில் சேர்த்தால் நுண்படிவுகள் உண்டாகி குமிழ்போலவே தெரியும். பாஸ்பேட் இல்லாத ஹெபெஸ் கரைசல் நல்லது. கடைசியில் சவ்வைக் கரைக்கும் ட்ரைட்டானைச் சிறிது விட்டு, எண்ணும் கருவியில் மறுபடி ஓட்டுங்கள். கரையாமல் நிற்பவை குமிழ்களே அல்ல. இந்தச் சோதனையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

காரணமா, அடையாளமா என்றால் இரண்டும்தான். அழற்சியோ ரத்தத்தை உறையவைக்கும் நொதியான திராம்பினோ செல்லைத் தூண்டும்போது உள்ளே கால்சியம் ஏறுகிறது. சவ்வின் உட்பக்கத்து பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பு வெளியே திரும்புகிறது. செல்லுக்கு வடிவம் தரும் உட்சட்டகப் புரதங்கள் அறுபட்டு 100 முதல் 1,000 நானோமீட்டர் குமிழ்கள் பிரிகின்றன. அந்தப் பரப்பில் ரத்தத்தை உறையவைக்கும் காரணிகள் ஒட்டி வேலைசெய்ய இடம் கிடைக்கிறது. மாரடைப்பு நோயாளிகளின் குமிழ்களை எலியின் மகாதமனித் துண்டில் விட்டபோது, உட்சுவர் தூண்டும் ரத்தக்குழாய்த் தளர்ச்சி குறைவது 2001-இல் காட்டப்பட்டது. அங்கே குமிழே குற்றவாளி.

ஆனால் எல்லாக் குமிழும் கெட்டதல்ல. உட்சுவர் செல்லின் குமிழ்கள் மரபணு வேலையைக் கட்டுப்படுத்தும் சிறு மூலக்கூறான மைக்ரோ ஆர்என்ஏ-126-ஐச் சரக்காகச் சுமந்து பக்கத்துச் செல்களின் சீரமைப்பைத் தூண்டுகின்றன. அதிகச் சர்க்கரையில் வளர்த்த செல்களின் குமிழ்களில் அது குறைந்துபோய் இந்த உதவியும் நின்றுவிடுகிறது. எனவே நீரிழிவில் வெறும் எண்ணிக்கை பாதிக் கதைகூட ஆகாது. ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பங்கை ஆர்என்ஏ அளவீட்டுக்கு ஒதுக்குங்கள். ஹெபாரின் குழாய் மட்டும் வேண்டாம், அது ஆர்என்ஏ-வை அளக்கும் பிசிஆர் சோதனையைத் தடுக்கும்.