தண்ணீர் 40 செ.மீ. தூரத்தில், சென்சார் 187 என்கிறது: ஏன்?

கேள்வி: 120 செ.மீ. ஆழமுள்ள தண்ணீர்த் தொட்டியின் மூடியில் ஹெச்.சி-எஸ்.ஆர்.04 சென்சாரை (ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளப்பது) பொருத்தி, இ.எஸ்.பி.32 என்ற சிறு கணினி போர்டு வழியாக மட்டம் பார்க்கிறேன். தண்ணீர் 40 செ.மீ. கீழே இருக்கும்போது 41, 41, 0, 42, 187 என்று வருகிறது. 72-க்குக் கீழே மட்டம் இறங்கினால் எண் 72-லேயே நின்றுவிடுகிறது. சென்சார் பழுதா?

பதில்: அநேகமாகப் பழுதில்லை. உங்களுக்கு இருப்பது இரண்டு வெவ்வேறு கோளாறு. தாவுகிற எண் வேறு, ஒரே இடத்தில் நிற்கிற எண் வேறு.

நிற்கிற எண் என்றால் அந்தத் தூரத்தில் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது. 72 செ.மீ. ஆழத்தில் குழாய் இணைப்போ, தொட்டிச் சுவரின் வரிமேடோ இருக்கும். தண்ணீர் மேலே இருந்தவரை அது மூழ்கிக் கிடந்தது. இப்போது வெளியே தெரிகிறது. சென்சார் முதலில் வரும் எதிரொலியைத்தான் எடுத்துக்கொள்ளும். ஒலி கூம்பாக விரிந்து போகிறது. 15 டிகிரிக் கூம்பு என்று கணக்கிட்டாலே 72 செ.மீ. தூரத்தில் மையத்திலிருந்து சுமார் 10 செ.மீ., தொட்டியின் அடியில் 16 செ.மீ. பரவும், நடைமுறையில் அதற்கு வெளியிலும் கசியும். சுவரிலிருந்து 25 செ.மீ. தள்ளி, தண்ணீருக்கு நேர் செங்குத்தாகப் பொருத்துங்கள்.

தாவுகிற எண்ணுக்கு வருவோம். சென்சார் தரும் துடிப்பின் நீளத்தை அளக்கிற பல்ஸ்இன் (pulseIn) என்ற நிரல் கட்டளைக்குக் குறித்த நேரத்தில் துடிப்பு கிடைக்காவிட்டால் அது 0 தருகிறது. அது தூரமே அல்ல, 'எதிரொலி வரவில்லை' என்ற செய்தி. தண்ணீர் நிரம்பும்போது அலையடித்து, ஒலி பக்கவாட்டில் சிதறுவதால் இது சகஜம். 187 பெரும்பாலும் முந்தைய ஒலி மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே பலமுறை முட்டித் தாமதமாக வந்தது. இரண்டு அளவீடுகளுக்கு நடுவே 60 மில்லிசெகண்டாவது விடுங்கள். 1 செ.மீ.க்குப் போக வர 58 மைக்ரோசெகண்ட் என்பதால் 120 செ.மீ.க்கு 6,960 போதும். பல்ஸ்இன்னின் காத்திருப்பு எல்லையை 12,000 மைக்ரோசெகண்ட் என்று வையுங்கள். எதுவும் சொல்லாவிட்டால் பல்ஸ்இன் ஒரு முழு செகண்ட் வரை காத்துக் கிடக்கும்.

சராசரி எடுக்காதீர்கள். உங்கள் ஐந்து எண்களின் சராசரி 62.2, அந்த மட்டத்தில் தண்ணீர் ஒருபோதும் இருந்ததில்லை. 0-வையும் 120-க்கு மேற்பட்டதையும் எறிந்துவிட்டு, மீதியை வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுங்கள்: 41.

வயரிங்கையும் ஒருமுறை பாருங்கள். இந்தச் சென்சாருக்கு 5 வோல்ட் வேண்டும். பழைய வகை போர்டுகள் 3.3 வோல்ட்டில் உளறும். ஆனால் எதிரொலிச் செய்தியைத் தரும் எக்கோ பின்னிலும் (இணைப்புக் காலிலும்) 5 வோல்ட் வருவதால் இ.எஸ்.பி.32-க்கு நேரடியாகக் கொடுக்கக் கூடாது. எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக போர்டின் பின்னுக்கு, அதே பின்னிலிருந்து 2 கிலோ ஓம் வழியாக கிரவுண்டுக்கு. 3.33 வோல்ட் கிடைக்கும். நீண்ட வயர் என்றால் சென்சாரின் வி.சி.சி. (மின்சாரம் ஏறும் கால்), கிரவுண்ட் கால்களுக்கு ஒட்டியே 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள்.

சென்சார்தான் பழுது என்ற சந்தேகம் தீரவில்லையா? கழற்றி, வெறும் சுவருக்கு 50 செ.மீ. தள்ளி நேராக வையுங்கள். திரைச்சீலை, மெத்தை வேண்டாம், அவை ஒலியை விழுங்கிவிடும். அங்கே எண் அசையாமல் நின்றால் கோளாறு தொட்டிக்குள்தான்.

வெப்பமும் கணக்கில் வரும். ஒலி வேகம் 20 டிகிரி செல்சியஸில் நொடிக்கு 343 மீட்டர், 40-இல் சுமார் 355. வெயிலில் காயும் தொட்டியில் 100 செ.மீ. தூரம் 96.6 என்று காட்டும். மூன்று செ.மீ. பிசகு பரவாயில்லை என்றால் விட்டுவிடலாம்.

விட முடியாதது ஈரம். இந்தச் சென்சாரின் இரண்டு கண்களும் திறந்தவை. நீராவி படிந்து நாளடைவில் கெட்டுவிடும். நிரந்தரமாக வைக்க ஜே.எஸ்.என்-எஸ்.ஆர்.04டி போன்ற நீர்புகா வகைதான் சரி. ஆனால் அது 20–25 செ.மீ.க்கு உள்ளே இருப்பதைப் பார்க்காது. தொட்டி நிறையும்போதும் தண்ணீருக்கு மேலே 25 செ.மீ. இடைவெளி இருக்கும்படி, மூடிக்கு மேல் அகலமான பெட்டி வைத்து உயர்த்துங்கள். குறுகிய பைப்புக்குள் இறக்கினால் அதன் சுவரே எதிரொலிக்கும்.