அழிக்காதீங்க, மறைங்க: போட்டோ ஃபேட் பத்தி வந்த கேள்விகள்

அண்ணா, கல்யாண ஆல்பத்துல பொண்ணோட போட்டோவ கோபுரத்தோட கலக்குறதுக்கு எரேசர் வச்சு ஓரத்த தேய்ச்சேன், திட்டுத்திட்டா வருது. என்ன பண்றது?

முதல்ல எரேசர கீழ வைங்க. அது பிக்சலையே தூக்கிடும், ஃபைல மூடிட்டு நாளைக்குத் திறந்தா திரும்ப வராது. நான் தொழில் கத்துக்கிட்ட புதுசுல ஒரு வீட்டுல இருந்த ஒரே ஒரு தாத்தா போட்டோவ ஸ்கேன் பண்ணி, காது பக்கம் எரேசர்ல தேய்ச்சு, அதே பேர்ல சேவும் பண்ணிட்டேன், ஒரிஜினல அதுக்குள்ள திருப்பிக் கொடுத்தாச்சு, மறுபடி போய் கேட்டு வாங்குறதுக்குள்ள உசுரு போயிடுச்சு. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் மாஸ்க், அதாவது படத்த அழிக்காம வேண்டாத இடத்த மட்டும் மூடி வைக்கிற திரை.

போட்டோஷாப்ல பொண்ணோட லேயர (படம் இருக்குற அடுக்க) கோபுரத்துக்கு மேல வச்சு, லேயர் பேனல் அடியில இருக்குற மாஸ்க் பட்டன அழுத்துங்க, பக்கத்துல வெள்ளையா சின்ன கட்டம் வரும். அதை கிளிக் பண்ணிட்டு, ஒரு நிறத்துல இருந்து இன்னொண்ணுக்கு மெதுவா மாத்துற கிரேடியன்ட் டூல கறுப்புல இருந்து வெள்ளைக்கு இழுங்க. கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், நடுவுல வர்ற சாம்பல்தான் ஃபேட், அதாவது மெதுவா மங்குறது. கொஞ்ச தூரம் இழுத்தா வெட்டின மாதிரி சட்டுனு முடியும், நீளமா இழுத்தா புகை மாதிரி கரையும். ஷிஃப்ட் பிடிச்சுக்கிட்டா நேரா வரும். தலையில வச்ச மல்லிப்பூ கிட்ட மட்டும் கிரேடியன்ட நம்பாதீங்க, மென்மையான பிரஷ் எடுத்து 20 சதவீத ஒபாசிட்டியில (நிறத்தோட அடர்த்தியில) மாஸ்க் மேல வெள்ளைய மெதுவா தடவுங்க, பூ ஒவ்வொண்ணா திரும்ப எழுந்து வரும், பாக்கவே அவ்வளவு அழகா இருக்கும்.

கீழயும் மங்கணும், இடது பக்கமும் மங்கணும். ரெண்டாவது தடவ இழுத்தா முதல்ல போட்டது போயிடுது.

நிறைய பேர் மாட்டுற இடம் இது. கறுப்பு-வெள்ளை கிரேடியன்ட் மாஸ்க் முழுசையும் புதுசா நிரப்பிடும், அதான் பழசு காணாம போகுது. கறுப்புல இருந்து டிரான்ஸ்பரன்டுக்கு (ஒண்ணுமில்லாத கண்ணாடி மாதிரிக்கு) போற கிரேடியன்ட தேர்ந்தெடுங்க, எத்தன பக்கம் இழுத்தாலும் ஒண்ணு மேல ஒண்ணா சேரும். ஜிம்ப்ங்கிற இலவச சாஃப்ட்வேர்லயும் இதே கதைதான்.

வானத்த மங்க வச்சா பட்டை பட்டையா கோடு தெரியுது. பிரிண்ட் போடுறவங்க மேல தப்பா?

இல்லீங்க, கணக்குல தப்பு. 8 பிட் ஃபைல்ல ஒரு சேனலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம்னு ஒவ்வொரு நிறத்துக்கும்) 256 படிதான். உங்க வானம் 200-ல இருந்து 240 வரைக்கும் 4000 பிக்சல் அகலத்துல மாறுதுன்னு வைங்க, கையில இருக்குறது 40 படி, ஒவ்வொரு படியும் 100 பிக்சல் அகலம், அப்புறம் கண்ணுக்குத் தெரியாம எப்படி இருக்கும்? ரா ஃபைல் (கேமரா சுருக்காம அப்படியே தர்ற ஃபைல்) இருந்தா ஆரம்பத்துல இருந்தே 16 பிட்ல வேலை பாருங்க, படி நிறைய கிடைக்கும். ஜேபெக்தான் இருக்குன்னா கிரேடியன்ட் டூல்ல டித்தர் (படிகள கலந்து விடுற ஆப்ஷன்) டிக் பண்ணிட்டு, முடிச்சப்புறம் வானத்துக்கு மட்டும் 1 சதவீதம் நாய்ஸ், அதாவது பொடிப்பொடியா புள்ளி, போடுங்க. கறை மாதிரி ஆயிடுமோன்னு பயப்பட வேணாம், அந்தப் பொடிதான் கோட்ட உடைக்கும்.

ஓரம் மங்கின படத்த அனுப்பினா அங்க வெள்ளை பின்னணியோட போகுது.

ஜேபெக்குக்கு டிரான்ஸ்பரன்சி கிடையாது. பிஎன்ஜியா சேவ் பண்ணுங்க, வாட்ஸ்அப்ல போட்டோவா இல்லாம டாக்குமென்டா அனுப்புங்க.

போன்லயே பழைய போட்டோ மாதிரி வெளிறின லுக் வேணும், ஃபில்டர் போட்டா மூஞ்சி மஞ்சளாயிடுது.

இந்த ஃபேட் வேற, இதுல எதுவும் மறையிறதில்ல, கறுப்பு சாம்பலாகுது அவ்வளவுதான். ஸ்னாப்சீட் ஆப்லயோ லைட்ரூம் ஆப்லயோ கர்வ்ஸ் (வெளிச்சத்த கூட்டிக் குறைக்கிற கோடு) திறந்து, இடது கீழ் மூலையில இருக்குற புள்ளிய நேரா கொஞ்சம் மேல தூக்குங்க. தலைமுடியப் பாத்துக்கிட்டே தூக்குங்க. முடி கரி மாதிரி இருந்தது லேசா தூசி படிஞ்ச மாதிரி மாறுற இடத்துல நிறுத்திடணும், அதுக்கு மேல போனா படம் பனிமூட்டத்துல எடுத்த மாதிரி ஆயிடும். கலர் சேனல் எதையும் தொடாதீங்க, மஞ்சள் வராது. நம்ம மாநிறத்துக்கு இது ரொம்ப நல்லா உக்காரும், ஆனா கன்னத்து நிழலும் கூடவே தட்டையாயிடும், அதனால கர்வோட நடுப்பகுதிய மட்டும் ஒரு புள்ளி வச்சு பழைய இடத்துக்கே இறக்கி விட்டுடுங்க.