வெடிமருந்து வேலை பார்த்த பெண்களோட பேட்ஜ்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அக்கா, முக்கோணமா ஒரு பித்தளை பேட்ஜ் போட்டோ பார்த்தேன், 1916னு போட்டிருக்கு, பிரிட்டிஷ் ராணுவத்தோடதா?

பதில்: ராணுவம் இல்ல தம்பி. முதல் உலகப்போர்ல பிரிட்டன் வெடிமருந்து ஃபேக்டரிங்கள்ல வேலை பார்த்த பெண்களுக்கு அரசாங்கம் 1916 மே மாசம் கொண்டுவந்தது, 'ஆன் வார் சர்வீஸ்'னு எழுதியிருக்கும்.

கேள்வி: ஆம்பளைங்களுக்கு கிடையாதா?

பதில்: அவங்களுக்கு 1915லயே வந்துடுச்சு, காரணம்தான் வேற. யூனிஃபார்ம் இல்லாம ஒரு வயசுப்பையன் ரோட்ல போனா கோழைன்னு வெள்ளை இறகை நீட்டிடுவாங்க, அந்த அவமானத்துக்கு இது பதில். பெண்களை யாரும் பட்டாளத்துக்கு கூப்பிடல, அதனால அவங்களுக்கு இது மரியாதை, நானும் போர் வேலைலதான் இருக்கேன்னு காட்டிக்கறது.

கேள்வி: வேலை செய்யும்போதும் குத்திக்குவாங்களா?

பதில்: வெடிமருந்து நிரப்புற கட்டடத்துக்குள்ள சான்ஸே இல்ல! ஒரு பொறி பறந்தா மொத்தமும் போயிடும்னு ஹேர்பின், பட்டன், நகை எதுவும் உள்ள போகக்கூடாது, வாசல்லயே சோதனை, தீப்பெட்டியோட மாட்டினா கோர்ட் கேஸு. அந்த பேட்ஜும் உலோகம்தானே, அதனால எந்த இடத்துல உயிரைப் பணயம் வெச்சாங்களோ அங்க மட்டும் அதைப் போட முடியாது, தெருவுலதான் போட்டுக்கணும். இதை நினைச்சா எனக்கு இன்னும் கடுப்பாதான் இருக்கு.

கேள்வி: அவ்ளோ ஆபத்தா?

பதில்: டிஎன்டிங்கற வெடிமருந்து பட்டு தோலும் முடியும் மஞ்சளாகும், மஞ்சள் குருவி மாதிரி இருக்காங்கன்னு கேனரின்னு கிண்டல் பண்ணுவாங்க, ஈரல் கெட்டு செத்தவங்களும் இருக்காங்க. லீட்ஸ் பக்கத்துல பார்ன்போ ஃபேக்டரில 1916 டிசம்பர் 5 ராத்திரி ஒரு பீரங்கிக் குண்டு வெடிச்சு 35 பெண்கள் போயிட்டாங்க, சென்சார் இருந்ததால பேப்பர்ல விவரமே வரல.

கேள்வி: அப்போ அந்த 1916 பேட்ஜை ட்ரேட் பேட்ஜ்னு சொல்றது தப்பா மேடம்?

பதில்: ஆமா, ட்ரேட் பேட்ஜ்னா தொழில்ல தேறினாத்தான் சட்டைக் கைல தைப்பாங்க. இப்போ பிரிட்டிஷ் ராணுவத்துல வெடிமருந்தைக் கையாளுற அம்யூனிஷன் டெக்னீஷியனுக்கு இருக்கே, தீயோட ஒரு 'ஏ' எழுத்து, சுத்தி இலை வளையம், அது அந்த வகை, ஆண் பெண் ரெண்டு பேருக்கும் ஒரே டிசைன்தான்.

கேள்வி: ரெண்டாவது போர்ல பீரங்கிப் படைல பெண்கள் இருந்தாங்களே?

பதில்: ஏடிஎஸ்காரங்க, அதாவது பிரிட்டிஷ் ராணுவத்தோட பெண்கள் பிரிவு. 1941லேர்ந்து விமான எதிர்ப்பு பீரங்கிக் குழுக்கள்ல ஆண்களோட சேர்ந்து வேலை பார்த்தாங்க, இடது மார்புல பீரங்கிப் படையோட எரியிற கிரனேடு பேட்ஜ் குத்திக்கலாம். விமானம் எவ்ளோ உயரத்துல வருது, எங்க சுடணும்னு கணக்கு போட்டுக் கொடுக்கறது அவங்கதான், ஆனா பீரங்கியை சுட மட்டும் ஆம்பளை வரணும், அப்படித்தான் ரூல் போட்டிருந்தாங்க.