கொப்பி தருகிறார், குளிசை தரவில்லை

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். டவுனுக்கு வரும் பஸ்ஸில் ஏறினாலே நெஞ்சு படபடக்கிறதாம், செத்துப்போய்விடுவேன் என்று பயம் வருகிறதாம். ஈசிஜியில் ஒன்றுமில்லை. உளவியலாளரிடம் அனுப்பினார்கள். மூன்று தரம் போயும் குளிசை இல்லை, புத்திமதி இல்லை, கொப்பி வாங்கி எழுதச் சொல்கிறார், இவர் படித்தவர்தானா என்று கேட்கிறார்.

அதை அவரிடமே கேளுங்கள் தங்கச்சி. எங்கே படித்தீர்கள், எந்த முறையில் சிகிச்சை செய்கிறீர்கள், உங்கள் வேலையை மேற்பார்வை செய்ய யாராவது இருக்கிறார்களா என்று நேராகவே. மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை, ஒழுங்காகப் படித்தவருக்கு அது பழகின கேள்வி. மழுப்பினால் அப்புறம் யோசிக்கலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் உளவியல் சிகிச்சைக்கென்றே இரண்டு வருட முதுதத்துவமாணிப் (எம்.பில்) படிப்பு இருக்கிறது, நோயாளிகளோடு இருந்து பழகும் பயிற்சியும் அதில் சேர்த்தி, முடித்தவர்கள் இலங்கை மருத்துவ சபையில் பதியலாம். சின்ன டிப்ளோமாவோடு போர்டு போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

குளிசை எழுதுவது மனநல மருத்துவரின் வேலை, உளவியலாளர் எழுத முடியாது. புத்திமதியா? பயப்படாதே என்று உங்கள் மாமியாரே சொல்லியிருப்பார், நின்றதா?

சரி, கொப்பிக்கு வருவோம். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் தொடக்கிவைத்த வழி இது, சிபிடி (CBT) என்பார்கள், நினைப்பையும் நடத்தையையும் மாற்றிப் பயத்தைக் குறைக்கும் சிகிச்சை. பஸ்ஸில் நெஞ்சு ஒரு தரம் வேகமாக அடித்ததும் 'மாரடைப்பு' என்று ஒரு நினைப்பு ஓடுகிறது, அந்த நினைப்பே நெஞ்சை இன்னும் அடிக்கவைக்கிறது, அதைப் பார்த்து 'நினைத்தது சரிதான்' என்று பயம் இரட்டிப்பாகிறது. கண்மூடித் திறப்பதற்குள் நடந்துமுடிகிற இந்தச் சுற்றை எழுதிப் பார்த்தால்தான் பிடிபடும். அடுத்ததாக ஒரு ஹோல்ட் தூரம் பஸ்ஸில் போய் வரச் சொல்வார் பாருங்கள். இந்தப் பதகளிப்பு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறித் தானாகவே இறங்கிவிடும், ஆனால் நீங்கள் ஒவ்வொரு தடவையும் பாதியில் இறங்கி ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தால் அது உடம்புக்கு எப்படித் தெரியும்?

பிரித்தானியாவின் சிகிச்சை வழிகாட்டலில் இந்தச் சிகிச்சைக்கு மொத்தம் 7 முதல் 14 மணித்தியாலம் போட்டிருக்கிறார்கள். நீங்கள் மூன்று தரம்தான் போயிருக்கிறீர்கள்.

இன்னொன்று. கொப்பி வாங்கச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, அதில் ஏதாவது எழுதினீர்களா என்று கடிதத்தில் எங்கேயும் காணோம்.