பாயிண்ட் காட்டியவரின் விசுவாசம்

கேள்வி: எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தக்காளித் தோட்டம். கிணறு வற்றிவிட்டது. எங்கள் ஜெபக்குழுத் தலைவர் தோட்டத்துக்கே வந்து ஜெபித்து, "இங்கே ஊற்று இருக்கிறது" என்று ஓர் இடத்தைக் காட்டினார். நகையை அடகு வைத்து ஆயிரம் அடி போர் போட்டோம். புகைதான் வந்தது. இப்போது அவர், "உங்களுக்கு விசுவாசம் பத்தவில்லை. ஆண்டவரை நீ, வா, போ என்று பேசினால் எப்படிக் கேட்பார்?" என்கிறார். எனக்கு அவரைப் போல அடுக்கிப் பேச வராது. வீட்டில் பேசுகிற மாதிரிதான் வரும். நம்பிக்கையோடு எப்படி ஜெபிப்பது?

- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: பாயிண்ட் காட்டியது அவர். அடகுக்குப் போனது உங்கள் நகை. தண்ணீர் வராததற்குக் குற்றவாளியும் நீங்களா? வந்திருந்தால் அது யாருடைய ஜெபத்துக்குச் சாட்சியாகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும், சகோதரி.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மண்ணுக்கடியில் கெட்டிப் பாறை. அதில் வெடிப்பு ஓடுகிற இடத்தில்தான் தண்ணீர் நிற்கும். வெடிப்பில் படாத துளையில் புகைதான் வரும், உபவாசம் இருந்தவர் நிலமானாலும் சரி, கோயில் பக்கமே போகாதவர் நிலமானாலும் சரி.

அடுத்து இந்த 'நீ'. பழைய ஏற்பாட்டின் எபிரெயுவிலும் புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்திலும் கடவுளுக்கென்று தனி மரியாதைச் சொல் கிடையாது. தாவீது ஆண்டவரை அழைத்த அதே 'நீ'யில்தான் வேலைக்காரனையும் அழைத்திருப்பார். 'நீர்', 'உம்முடைய' எல்லாம் தமிழில் மொழிபெயர்த்தவர்கள் கொடுத்த மரியாதை. அழகான மரியாதைதான், நானும் அப்படித்தான் ஜெபிக்கிறேன். ஆனால் வீட்டில் அப்பனை 'நீ' என்று கூப்பிட்டு வளர்ந்தவர், ஜெபத்துக்கென்று நாக்கை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று வேதத்தில் எங்கும் இல்லை.

அடுக்கிப் பேச வராதது ஒரு குறையே அல்ல. பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் அழுது ஜெபித்தபோது உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்தார். ஜெபத்தை வெளியே இருந்து எடைபோட்ட பெரியவர் ஒருவர் அன்றைக்கே தப்பாகக் கணித்திருக்கிறார். "என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்" என்பது அவள் சொன்ன பதில் (1 சாமுவேல் 1:15).

விசுவாசம் பத்தவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். கெத்செமனேயில் இயேசு "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று கேட்டார் (மாற்கு 14:36). கிரேக்கத்தில் எழுதிய மாற்கு இந்த ஜெபத்தில் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றாமல், இயேசு பேசிய அரமேயிக்கிலேயே 'அப்பா' என்று விட்டு வைத்தார். (அது நம் தமிழ்ச் சொல்லேதான் என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. ஒலி ஒத்திருக்கிறது, அவ்வளவுதான்.) மழலைச் சொல்லும் அல்ல, வளர்ந்த பிள்ளைகளும் தகப்பனை அப்படித்தான் அழைத்தார்கள். அத்தனை உரிமையோடு கேட்டும் அந்தப் பாத்திரம், அதாவது வரவிருந்த பாடு, நீங்கவில்லை, மறுநாள் சிலுவை. உங்கள் தலைவரின் கணக்குப்படி பார்த்தால் இயேசுவுக்கும் விசுவாசம் பத்தவில்லை என்றாகும். அதை அவர் சொல்வாரா?

கேட்டது கிடைக்கும் என்ற உறுதியை நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். புகை வந்த அன்று ராத்திரியும் ஆண்டவரிடம்தான் போய்ப் பேசுகிறீர்கள் பாருங்கள், அதைத்தான் நான் நம்பிக்கை என்பேன். கோபமாகப் பேசினாலும் சரி. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதமே சண்டையில்தான் ஆரம்பிக்கிறது. நகை போனதையும், வட்டி ஏறுவதையும், அந்தத் தலைவர் மேல் இருக்கிற எரிச்சலையும் வாயில் வருகிறபடியே சொல்லுங்கள். பாதியில் அழுகை வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருங்கள்.

இன்னொரு போருக்குக் கடன் வாங்குகிற யோசனை இருந்தால், முதலில் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போய், நிலத்தடி நீர் ஆய்வுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். தலைவர் ஜெபிக்க வந்தால் காபி கொடுங்கள். தோட்டத்துக்கு மட்டும் கூட்டிப் போக வேண்டாம்.